கரையவும் வேண்டும், தெரியவும் வேண்டும்

மனித உடலினுள்ளே வைத்தியர் ஓர் அயற்பொருளை வைக்கும்போது அப்பொருளிடத்தில் இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறார். வைத்த வேலை முடிந்ததும் அது தானாகவே மறைந்துவிட வேண்டும் என்பது ஒன்று. வேலை முடியும்வரை அது எங்கே இருக்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்பதைத் தோலைக் கீறாமலே தாம் காண வேண்டும் என்பது மற்றொன்று. சொல்லும்போது எளியனவாகத் தோன்றும் இவ்விரு விருப்பங்களும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. உடலில் கரையும் பொருள்கள் எக்ஸ்-கதிருக்குப் புலப்படுவதில்லை. எக்ஸ்-கதிருக்கு நன்கு புலப்படும் பொன்னும் பிளாத்தினமும் உடலில் கரைவதில்லை. இம்முரண்பாட்டுடன் வைத்திய உலகம் நடத்திய போராட்டம் நீண்டது. அதில் வெற்றியும் உண்டு, வெட்கப்படத்தக்க தோல்வியும் உண்டு.

கரையும் பொருளைத் தேடிய முயற்சியே இவ்விரண்டிலும் பழையது. பண்டைய இந்தியாவின் சத்திரசிகிச்சை நூலான சுசுருத சங்கிதை, கிழிந்த குடலை மூடுவதற்குப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு, கடித்த பின்னர் உடலைக் கிள்ளியெறிந்து தலைகளை மட்டும் விட்டுவைக்கும் முறையைக் கூறுகிறது. வயிற்றினுள்ளே போட்ட தையலை மீண்டும் வயிற்றைத் திறந்து எடுக்க முடியாது என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். ஸ்பெயின் நாட்டின் கொர்தோபாவில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-சஹ்ராவி என்னும் அரபு வைத்தியர் விலங்கின் குடலிலிருந்து திரித்த நூலைக் குடற்காயங்களுக்குப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் இந்நூலுக்குப் பூனைக்குடல் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பூனைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆட்டின் குடலும் மாட்டின் குடலுமே அதன் மூலப்பொருள்.

ஆயினும் குடல் நூலை அறிவியல் முறையில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் யோசேப்பு லிஸ்டர் ஆவார். அவர் காலத்தில் இரத்தக்குழாயைக் கட்டப் பட்டு நூலே வழங்கிவந்தது. கட்டிய நூலின் ஒரு முனையை நீளமாக விட்டுக் காயத்துக்கு வெளியே தொங்கவிடுவார்கள். உள்ளே சீழ்பிடித்து முடிச்சு அழுகித் தளர்ந்த பின்னர் அந்நூலை வெளியே இழுப்பார்கள். இழுக்கும் வேளையில் குழாய் திறந்துகொண்டு நோயாளி குருதி சிந்தி இறப்பதும் உண்டு. 1868ஆம் ஆண்டில் லிஸ்டர் ஒரு கன்றின் கழுத்து நாடியைக் காபோலிக் அமிலத்தில் ஊறவைத்த குடல் நூலினாற் கட்டிக் காயத்தை மூடினார். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது, நூல் இருந்த இடத்தை உயிருள்ள இழையம் நிரப்பியிருக்கக் கண்டார். மறு ஆண்டில் அம்முடிவை வெளியிட்டார். அயற்பொருள் ஒன்று உடலுக்குள் தன் கடமையை முடித்துவிட்டு உடலாகவே மாறிவிடலாம் என்னும் எண்ணம் அன்றுதான் ஆய்வினால் உறுதிபெற்றது.

லிஸ்டர் உயிருடன் இருந்த காலத்திலேயே இரண்டாவது விருப்பத்துக்கும் வழி திறந்தது. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்லெம் ரொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அவர் அடுத்த மாதம் பிடித்த தம் மனைவியின் கைப்படத்தை இன்றும் புத்தகங்களிற் காணலாம். அதில் எலும்புகள் சாம்பல் நிற நிழல்களாகத் தெரிகின்றன; விரலில் கிடக்கும் மோதிரமோ கரிய திரளாகத் தெரிகிறது; சதை ஏறக்குறைய இல்லாததுபோலவே இருக்கிறது. இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த ஒரு படத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

காரணம் அணுக்களிலே உள்ளது. ஒரு மூலகத்தின் அணுவெண் உயர உயர, எக்ஸ்-கதிரை விழுங்கும் அதன் ஆற்றல் மிக விரைவாக ஏறுகிறது. சம எடையுள்ள இரு பொருள்களுள் ஒன்றின் அணுவெண் மற்றதைப்போல் இருமடங்கானால், அது ஏறத்தாழ எட்டு மடங்கு கதிரை விழுங்கும். சதையும் குருதியும் பெரும்பாலும் ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன் ஆகியவற்றால் ஆனவை. அவற்றின் அணுவெண்கள் முறையே 1, 6, 7, 8. எலும்பிலுள்ள கல்சியத்துக்கு 20. மோதிரத்துப் பொன்னுக்கு 79. ஆதலாற் கதிர் சதையினூடே தடையின்றிச் செல்கிறது, எலும்பிலே தயங்குகிறது, பொன்னிலே நின்றுவிடுகிறது.

மென்மையான உறுப்புகளைக் காண விரும்பியவர்கள் கனமான அணுக்களை உடலுக்குள் அனுப்பும் வழியை நாடினர். ரொண்ட்ஜனின் செய்தி பரவிய சில வாரங்களுக்குள்ளேயே, 1896 சனவரியில், வியன்னாவில் இருவர் துண்டிக்கப்பட்ட ஒரு கையின் குழாய்களுள் கனமான கலவையைச் செலுத்திப் படம் பிடித்தனர். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வைத்திய மாணவராயிருந்த வால்டர் கனன், பிஸ்மத் சேர்ந்த உணவை ஒரு வாத்துக்கு ஊட்டி, அது நீண்ட கழுத்தின் வழியே இறங்குவதைக் கண்ணாற் கண்டார். பின்னர் பிஸ்மத்தின் இடத்தைப் பேரியம் சல்பேற்று பிடித்தது. இவையெல்லாம் உணவுக்குழாய் வழியே சென்று மறுபுறம் வெளியேறுவன. ஆகையாற் கேடு குறைவு. குருதிக்குள் செலுத்தும் பொருளைப் பற்றிய கேள்வியே கடினமானது.

அக்கேள்விக்கு விடையாக வந்தவை இரண்டு. ஒன்று அயடீன், மற்றொன்று தோரியம். அயடீன், 1811இல் பிரான்சில் குர்த்துவா என்பவர் கடற்பாசியின் சாம்பலிற் கண்டெடுத்த மூலகம், அணுவெண் 53. 1927இல் போர்த்துக்கல் வைத்தியர் எகாஸ் மோனிஸ் சோடியம் அயடைட்டைச் செலுத்தி மூளையின் நாடிகளை முதன்முறையாகப் படம் பிடித்தார். அம்மருந்து நோயாளிகளைத் துன்புறுத்தியது. சில ஆண்டுகளில் ஜேர்மனியில் தோரொட்ராஸ்ட் என்னும் திரவம் வந்தது. தோரியம் ஈரொட்சைட்டின் நுண்துகள்கள் கலந்த அத்திரவம் குழாயுள் எரிச்சல் உண்டாக்கவில்லை. அது தந்த படமோ மிகத் தெளிவானது. மோனிஸ் உட்படப் பலரும் அதனை விரும்பி ஏற்றனர்.

தோரியத்தின் அணுவெண் 90. கதிரைத் தடுப்பதில் அதற்கு நிகராவன சிலவே. ஆனால் அது தானும் கதிர்வீசுகின்ற பொருள். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். செலுத்திய துகள்களை ஈரலும் மண்ணீரலும் எலும்பு மச்சையும் விழுங்கிக்கொண்டன; விழுங்கியவை வெளியேறவில்லை. அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் மருந்துக் குழு 1932இலேயே எச்சரிக்கை விடுத்தது. தெளிவான படத்தின் கவர்ச்சிக்கு முன்னால் அவ்வெச்சரிக்கை எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானில் காயமுற்ற போர்வீரர்களுக்கும் இத்திரவம் செலுத்தப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களுள்ளும் ஐரோப்பிய நாடுகளில் இதனைப் பெற்றவர்களுள்ளும் ஈரற் புற்றுநோய் தோன்றலாயிற்று. ஜேர்மனி, டென்மார்க், போர்த்துக்கல், ஜப்பான் ஆகிய நாடுகளில் அந்நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தனர். 1950களில் அதன் பயன்பாடு நின்றபோது, பெற்றவர்களின் உடலிலிருந்து அதனை எடுக்க வழி எதுவும் இருக்கவில்லை. ஒரு முறை படம் பிடிக்கும் சில நிமிடங்களுக்காகச் செலுத்திய பொருள் ஆயுள் முழுவதும் உள்ளே இருந்து எரித்தது. தெரிவதற்குரிய குணத்தை மாத்திரம் நோக்கி, மறைவதற்குரிய குணத்தை மறந்ததன் விளைவு இது.

அயடீன் வேறு வழியிற் சென்றது. அதனைத் தனி உப்பாகச் செலுத்தாமல், காபன் வளையங்களோடு இறுகப் பிணைத்துச் செலுத்தினாற் சிறுநீரகம் அதனைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும் என்பதை 1920களின் இறுதியில் பேர்லினில் நடந்த ஆய்வுகள் காட்டின. மோசஸ் ஸ்விக் என்னும் இளம் அமெரிக்க வைத்தியர் அங்கே அதனை நோயாளிகளிடத்திற் செய்துகாட்டினார். இன்று குருதிக்குழாய்ப் படங்களுக்குச் செலுத்தப்படும் மருந்துகள் யாவும் இவ்வழியில் வந்தவையே.

இனி, கரையும் பொருளின் கதைக்குத் திரும்பலாம். குடல் நூல் விலங்கின் உடலிலிருந்து வருவதால் ஒரு நூல் போல மற்றொரு நூல் இருப்பதில்லை. ஒன்று பத்து நாளிற் கரையும். மற்றொன்று கிடந்து உறுத்தும். ஆய்வுகூடத்திலேயே கரையும் நூலை ஆக்கலாமா என்பது கேள்வியாயிற்று. நைலோனைத் தந்த வாலஸ் கரொதர்ஸ் 1930களின் தொடக்கத்தில், லக்டிக் அமிலம் போன்றவற்றின் மூலக்கூறுகளைச் சங்கிலி போலக் கோத்துப் பல்பகுதியங்கள் ஆக்கியிருந்தார். அவை நீர்பட்டாற் சிதைந்துபோகும். துணி நெய்ய விரும்பிய தொழிற்சாலைக்கு அது பெருங்குறை. ஆகவே அவர் அவற்றை விட்டு நைலோனுக்குச் சென்றார். முப்பது ஆண்டுகளின் பின்னர் வைத்தியர்கள் அக்குறையையே குணமாகக் கொண்டார்கள். 1970இல் கிளைக்கோலிக் அமிலத்தின் சங்கிலியாலான டெக்சன் என்னும் தையல் நூலும், 1974இல் லக்டிக் அமிலமும் கலந்த விக்ரில் என்னும் நூலும் விற்பனைக்கு வந்தன. உடலின் நீரே இச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது. அவிழ்ந்து விழும் லக்டிக் அமிலம், ஓடிக் களைத்த தசையிற் பிறக்கும் அதே பொருள். அதனை எரித்து மூச்சாக வெளியேற்ற உடல் நன்றாக அறியும்.

தையல் நூல் கதிருக்குத் தெரியாவிட்டாற் பெருங்குறையில்லை. தைப்பவர் அதனைக் கண்ணாற் பார்த்தே தைக்கிறார். கண்ணுக்கு எட்டாத இடத்திற் பொருளை வைக்கும் காலம் வந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. 1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் அந்திரியாஸ் கிரன்சிக், தொடையின் நாடி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் முடியுருநாடியில் இருந்த அடைப்பை ஒரு சிறு பலூனால் விரித்தார். விரித்த இடம் மீண்டும் சுருங்குவதைத் தடுக்க, 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் உலோக வலைக்குழாய்கள் வைக்கப்பட்டன. ஸ்டென்ட் என்று இன்று எல்லோரும் அறிந்த பொருள் அதுவே. நாடிக்குத் தாங்கல் வேண்டியது சில மாதங்களுக்குத்தான்; உலோகமோ ஆயுள் முழுவதும் அங்கே கிடக்கும். நாடி தன் இயல்பின்படி விரியவும் சுருங்கவும் அது விடாது. வீடு கட்டி முடித்த பின்னர் சாரத்தைக் கழற்றாமல் விடுவார் உண்டோ?

கரையும் ஸ்டென்டை மனித இதயத்தில் முதலில் வைத்தவர்கள் ஜப்பானியர். இகாகி, தமாய் என்னும் இருவரின் பெயர் தாங்கிய அது, லக்டிக் அமிலப் பல்பகுதியத்தாலானது. 1998இல் தொடங்கி முதல் 15 நோயாளிகளுக்கு 25 ஸ்டென்டுகள் வைக்கப்பட்ட விவரம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உடல் எக்ஸ்-கதிருக்குச் சிறிதும் தெரியாது. ஆகவே இரு முனைகளிலும் பொன்னாற் சிறு குறிகள் பதித்தார்கள். இருளில் ஓடும் கப்பலின் இரு முனை விளக்குகளைக் கண்டு கப்பலை ஊகிப்பது போல, வைத்தியர் அப்பொற்புள்ளிகளைக் கண்டு நடுவிலுள்ள வலையை ஊகித்துக்கொண்டார். நடுவில் ஓர் இழை முறிந்ததா, நாடிச் சுவரோடு பொருந்தாமல் நிற்கிறதா என்பதைப் புள்ளிகள் சொல்லமாட்டா. பல்பகுதிய இழை உலோகம் போன்றதன்று. அளவுக்கு மீறி விரித்தால் முறியும். முறிந்த இழை குருதி உறைவதற்கு இடங்கொடுக்கும். தெரியாமை இங்கே உயிர் பற்றிய காரியமாயிற்று.

பேரியம் போன்ற கனமான தூளைப் பல்பகுதியத்துடன் கலந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். எலும்புச் சீமெந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மயிரிழை போன்ற வலையில் தூள் கலந்தால் இழை நொய்ந்துபோகும். பல்பகுதியம் கரைந்த பின்னர் தூள் நாடியில் எஞ்சும். தோரொட்ராஸ்டின் நினைவு மறையாத துறையில், எஞ்சும் தூள் எவருக்கும் விருப்பமானதன்று. கனமான அணு பல்பகுதியத்தின் மூலக்கூற்றிலேயே பிணைந்திருக்க வேண்டும். சங்கிலி அவிழும்போது அதுவும் கூடவே வெளியேற வேண்டும்.

இதற்கு வழி செய்தவர் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து இரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோக்கிம் கோன். அவர் தொடக்கத்திற் தேடியது கதிருக்குத் தெரியும் பொருளை அன்று, வலிமையுள்ள கரையும் பொருளையே. தொழிற்சாலைகளில் வழங்கும் பொலிகாபனேற்று என்னும் பிளாத்திக்கு மிக உறுதியானது. அதன் சங்கிலியில் ஆறு காபன் அணுக்களாலான வளையங்கள் வரிசையாக நிற்பதே அவ்வுறுதிக்குக் காரணம். ஆனால் அவ்வளையங்களைத் தரும் மூலப்பொருள் உடலுக்கு ஒவ்வாதது. உடலிலேயே அத்தகைய வளையமுள்ள பொருள் இருக்கிறதா? இருக்கிறது. தைரோசீன் என்னும் அமினோ அமிலம் அது; லீபிக் என்னும் ஜேர்மானிய இரசாயன அறிஞர் 1846இல் பாற்கட்டியிலிருந்து பிரித்தெடுத்தது; நாம் உண்ணும் புரதங்களில் உள்ளது. 1980களில் மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ரொபர்ட் லாங்கருடன் பணியாற்றியபோது கோன், அமினோ அமிலங்களைப் புரதத்திற் போலன்றி அவற்றின் பக்கக் கிளைகள் வழியே கோக்கும் முறையை ஆராய்ந்தார். 1987இல் இருவரும் அதனை வெளியிட்டனர். பின்னர் இரட்கர்ஸிற் தைரோசீனையும் அதன் நெருங்கிய உறவான மற்றொரு பொருளையும் இணைத்து இரு வளையமுள்ள கண்ணியாக்கி, அக்கண்ணிகளைக் கோத்துப் புதிய பல்பகுதியங்களின் ஒரு குடும்பத்தையே படைத்தார்.

தைரோசீனின் வளையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது அயடீனை எளிதில் ஏற்கும். இதனை மனிதர் கண்டுபிடிப்பதற்கு முன்னரே உடல் செய்துவருகிறது. ரொண்ட்ஜன் தம் கதிரைக் கண்ட அதே 1895ஆம் ஆண்டில், அதே ஜேர்மனியில், பௌமன் என்பவர் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் அயடீன் இருப்பதைக் கண்டார். 1914இல் அமெரிக்கரான கெண்டால் அச்சுரப்பியின் சாறாகிய தைரொட்சினைப் பளிங்காகப் பிரித்தார். 1920களில் ஆங்கிலேயரான ஹரிங்டன் அதன் அமைப்பை வெளிப்படுத்தியபோது, தைரோசீனிலிருந்து வந்த இரு வளையங்களும் அவற்றிலே நான்கு அயடீன் அணுக்களும் இருந்தன. கோனின் பல்பகுதியத்தில் வளையம் ஒன்றில் இரண்டு அயடீன் அணுக்களைப் பிணைத்தபோது, அவை நின்ற இடமும் தைரொட்சினில் நிற்கும் இடத்தை ஒத்ததாகவே இருந்தது. இரண்டு துறைகளாக நூறு ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி ஒரு மூலக்கூற்றிற் சந்தித்தது.

அயடீன் சேர்ந்த பல்பகுதியம் கதிருக்கு முழு உருவத்தோடு தெரிந்தது. ஆனால் அயடீன் நீரை வெறுப்பது. அது சேர்ந்ததும் பொருள் விறைத்தது, கரைவதும் தாமதமாயிற்று. நீரை விரும்பும் வேறு கண்ணிகளை அளவறிந்து கலந்து அதனைச் சமன்செய்ய வேண்டியிருந்தது. உறுதி கூடினாற் கரைதல் குறையும், கரைதல் கூடினால் உறுதி குறையும் என்னும் இழுபறியிற் பல ஆண்டுகள் சென்றன.

கலிபோர்னியாவின் சான் டியேகோவிலுள்ள ரேவா என்னும் நிறுவனம் இப்பொருளைக் கொண்டு ஸ்டென்ட் செய்தது. 2007இல் 27 நோயாளிகளுக்கு அது வைக்கப்பட்டது. வைத்த நாளில் எல்லாம் நன்றாகவே இருந்தன. வைத்தியர் வலை முழுவதையும் திரையிற் கண்டனர். நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பல நோயாளிகளின் நாடி மீண்டும் குறுகியது. பொருள் எதிர்பார்த்ததற்கு முன்னரே நொய்ந்து தாங்கும் வலிமையை இழந்திருந்தது. தெரிதல் மட்டும் போதாது என்பதை அந்நோயாளிகள் மறுசிகிச்சையின் விலைகொடுத்து உணர்த்தினர். நிறுவனம் பல்பகுதியத்தை மாற்றி அமைத்து, 2014இன் இறுதியில் புதிய வடிவத்தைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. பாந்தம் என்னும் அதன் இழையின் தடிப்பு 125 மைக்ரோன், அதாவது மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கு. 240 நோயாளிகளிடத்தில் நடந்த சோதனையின் பின்னர் 2017 ஏப்ரிலில் ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்த ஆண்டு நல்ல ஆண்டன்று. அபொட் நிறுவனத்தின் அப்சோர்ப் என்னும் கரையும் ஸ்டென்ட், லக்டிக் அமிலப் பல்பகுதியத்தாலானது, 2016 ஜூலையில் அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றிருந்தது. அதன் முனைகளிற் பிளாத்தினப் புள்ளிகள் இருந்தன, உடல் தெரியாது, இழையின் தடிப்பு 150 மைக்ரோனுக்கு மேல். ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடத்தில் நடந்த சோதனையில், மூன்றாண்டு முடிவில் ஸ்டென்டுக்குள் குருதி உறைந்தவர்கள் உலோக ஸ்டென்ட் பெற்றோருள் நூற்றுக்கு 0.7, அப்சோர்ப் பெற்றோருள் நூற்றுக்கு 2.3. தடித்த இழையே காரணம் என்றனர் சிலர். நாடியின் அளவறிந்து சரியாகப் பொருத்தாததே காரணம் என்றனர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. பொருத்தியது சரியா என்று கண்ணாற் காண முடியாத பொருளில் இரண்டாம் குற்றச்சாட்டை வைத்தியர்மேல் மாத்திரம் சுமத்துவது நீதியாகாது. 2017 செப்டெம்பரில் அபொட் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. கரையும் இதய ஸ்டென்டின்மேல் வைத்தியர்களுக்கு இருந்த நம்பிக்கை அதனோடு சரிந்தது. முழுவுருவத்தோடு தெரியும் பொருள் சந்தைக்கு வந்தபோது, வாங்குவோர் சந்தையை விட்டு எழுந்துபோய்க்கொண்டிருந்தனர். 2020 சனவரியில் ரேவா நிறுவனம் கடன்தீர்வுக்காக நீதிமன்றத்தை நாடியது.

தைரோசீன் பல்பகுதியங்கள் வேறு இடங்களில் வாழ்கின்றன. இதயத் துடிப்பைச் சீர்செய்யும் கருவியைத் தோலின்கீழ் வைக்கும்போது, நோய்க்கிருமி அணுகாதபடி மருந்தூட்டிய ஒரு சிறு வலைப்பையில் இட்டு வைப்பதுண்டு. முற்றாகக் கரையும் அத்தகைய பைக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது கோனின் பல்பகுதியத்தில் தோன்றியது. அயடீன் அதற்கு வேண்டியதில்லை.

கரையும் ஸ்டென்ட் இதயத்தை விட்டு இப்போது காலுக்கு இறங்கியிருக்கிறது. நீரிழிவு முதலியவற்றால் முழங்காலுக்குக் கீழே நாடி அடைபட்டுக் காலை இழக்கும் நிலையில் உள்ளோருக்காக, அபொட் நிறுவனம் ஆக்கிய புதிய கரையும் வலைக்குழாய்க்கு 2024 ஏப்ரிலில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. இழையின் தடிப்பை 99 மைக்ரோனாகக் குறைத்திருக்கிறார்கள். பொருள் பழைய லக்டிக் அமிலப் பல்பகுதியமே. அதனை வைக்கும் வைத்தியர் திரையில் இன்றும் காண்பது முனைகளிலுள்ள பிளாத்தினப் புள்ளிகளைத்தான்.